கட்டளைக்கு வராத சிரிப்பு

கேள்வி: சிரிப்பு, மன அழுத்தம், உணர்ச்சிகள் ஆகியவை உடல்நலத்தை எப்படிப் பாதிக்கின்றன என்று எட்டாம் வகுப்பில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எல்லோரையும் நிற்கவைத்துப் பலமாகச் சிரிக்கச் சொன்னால் போதும் என்கிறார்கள் உடன் பணிபுரிபவர்கள். போதுமா ஐயா?
- ஓர் ஆசிரியை, குளச்சல்

பதில்: போதாது, டீச்சர். கட்டளைக்குச் சிரிக்கும் பிள்ளை உங்களுக்காக வாயைத் திறக்கிறது, அவ்வளவுதான். நாகர்கோவிலில் உயிரியல் நடத்திய காலத்தில் இந்தப் பாடத்தை நான் மணிக்கட்டிலிருந்துதான் தொடங்குவேன்.

கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டின் ஓரத்தில் இரண்டு விரல்களை வைத்து அரை நிமிடம் நாடித்துடிப்பை எண்ணச் சொல்லுங்கள். அதை இரட்டித்து நோட்டில் எழுதட்டும். பிறகு, "இப்போது ஒருவரைக் கரும்பலகைக்கு அழைக்கப் போகிறேன்" என்று சொல்லி வருகைப் பதிவேட்டைத் திறங்கள். யாரையும் அழைக்க வேண்டாம். மறுபடி எண்ணினால் பலருக்கும் கூடியிருக்கும். உடனே உண்மையைச் சொல்லிவிடுங்கள். பிள்ளைகளைப் பயத்தில் தொங்கவிடக் கூடாது.

இனி விளக்கம் மனத்தில் ஏறும். சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள், பயம் வந்ததும் இதயத்தை வேகமாகத் துடிக்கவைக்கும் அட்ரினலின் என்ற ஹார்மோனை நொடிகளில் விடுகின்றன. கார்ட்டிசால் என்ற இன்னொரு மன அழுத்த ஹார்மோன் சற்றுத் தாமதமாக வருகிறது. இது ஆபத்தில் உடல் நமக்குச் செய்யும் உதவி. நாள்கணக்கில் அடங்காதபோதுதான் கெடுதல். 1998இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், பல் மருத்துவ மாணவர்கள் 11 பேரின் மேலண்ணத்தில் கோடை விடுமுறையில் ஒருமுறையும் தேர்வுக்கு முன் ஒருமுறையும் ஒரே அளவில் சிறு காயம் ஏற்படுத்தினார்கள். தேர்வுக் காலக் காயம் ஆறுவதற்குச் சராசரியாக 40 சதவீதம் கூடுதல் நாள் பிடித்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் பரீட்சைக்குப் பயப்படும் எந்தப் பிள்ளையும் இதை மறக்காது.

"சிரித்தாலும் நாடி கூடுகிறதே" என்று ஒருவன் கேட்பான். அவனைப் பாராட்டுங்கள். சிரிக்கையில் கூடும், சிரித்து முடித்தபின் தணியும், தசைகளும் தளரும். தனிமையில் இருப்பதைவிடக் கூட்டத்தில் மனிதர் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்று கண்டவர் அமெரிக்க உளவியல் ஆய்வாளர் ராபர்ட் ப்ரொவைன். எனவே நம் ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த கலைவாணரின் காட்சி ஒன்றை வகுப்பே சேர்ந்து பார்க்கட்டும். ஒருவனைக் கேலிசெய்து மற்றவர்கள் சிரிக்கும் சிரிப்புக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். அங்கே அவன் நாடி பயத்தில்தான் துடிக்கும். சிரித்தால் நோய் தீரும் என்றும் எழுதிப்போட வேண்டாம். அதை நம்பி வீட்டில் யாராவது சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடக் கூடும்.

உங்கள் ஊர் கடற்கரை ஊர். 2017 ஒக்கிப் புயலில் அப்பாவையோ மாமாவையோ கடலுக்குக் கொடுத்த வீட்டுப் பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்கலாம். புயல் எச்சரிக்கையைக் கேட்டு அதன் வயிறு பிசைந்தால் அது இயல்பு என்று சொல்லுங்கள். அழ வேண்டுமென்றால் அழட்டும்.

கேள்வி: திங்கட்கிழமை தோறும் மகனுக்கு வயிற்றுவலி. நடிக்கிறானா?
- ஒரு தாய், குலசேகரம்

பதில்: நடிப்பு என்று முடிவுகட்டாதீர்கள். மூளையும் குடலும் நரம்புகளால் இணைந்தவை. கவலையில் வயிறு உண்மையாகவே வலிக்கும். முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். உடலில் கோளாறு இல்லையென்றால், மதியச் சோற்றை யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான், பஸ்ஸில் பக்கத்தில் யார் என்று மெல்லக் கேளுங்கள். தொடர்ந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குப் பேசலாம், கட்டணம் இல்லை.