வளர்ந்த நாடுகளில் பாலியல் தொழிலை யாரும் இழிவாகப் பார்ப்பதில்லை என்பது உண்மையா?

மேற்படிப்புக்காக நெதர்லாந்து செல்லவிருப்பதாகக் கேள்வியின் கீழே எழுதியிருக்கிறீர்கள். "நம் ஊரைப் போல அங்கே யாரும் முகம் சுளிக்க மாட்டார்களாமே" என்றும் சேர்த்திருக்கிறீர்கள். அந்த 'நம் ஊர்' என்ற சொல்தான் என்னை இங்கே எழுத வைத்தது, ஏனென்றால் நம் ஊர் முகம் சுளித்ததை அனுபவித்தவள் நான். அங்கும் முகம் சுளிப்பார்கள். எப்போது சுளிப்பார்கள் என்பதில்தான் வேறுபாடு.

நான் கிருஷ்ணகிரிக்காரி. 1998 முதல் ஏறத்தாழ பத்தாண்டுகள் எய்ட்ஸ் தடுப்புத் திட்டம் ஒன்றில் களப்பணியாளராக இருந்தேன். அப்போது 7ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை என்றும் இப்போது 44 என்றும் வழங்கப்படும் சாலையில், தொப்பூர் கணவாய் தொடங்கி இந்தப் பக்கம் வரை, லாரிகள் நிற்கும் தாபாக்களிலும் பேருந்து நிலையங்களிலும் தொழில் செய்த பெண்களைச் சந்தித்துப் பேசுவதும், ஆணுறை கொடுப்பதும், அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வதும்தான் என் வேலை. இந்தத் தொழிலை நான் ஆதரிக்கிறேன் என்று கருத்து எழுதக் கிளம்பும் அன்பர்கள் சற்றே பொறுக்க வேண்டும். ஏமாற்றி அழைத்துவரப்பட்ட பெண்களையும் கடனுக்காகப் பிடித்து வைக்கப்பட்ட பெண்களையும் நேரில் பார்த்தவள் நான்; அந்தக் கொடுமையை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வேறு வழி தெரிந்தும் தெரியாமலும் தாமாகவே வந்து நின்ற பெண்களையும் பார்த்திருக்கிறேன். கேள்வி அவர்களை ஊர் எப்படிப் பார்க்கிறது என்பதைப் பற்றியது என்பதால் அதை மட்டும் எழுதுகிறேன்.

2003இல் நாங்கள் பழையபேட்டையில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். ('புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்ற விளம்பரம் சுவரெங்கும் ஒட்டப்பட்டு, ஊரே அதைச் சொல்லிச் சிரித்த காலம் அது.) ஒரு சனிக்கிழமை அலுவலகம் பூட்டியிருந்ததால், சேலத்திலிருந்து வந்த ஆணுறை அட்டைப்பெட்டிகளில் ஒன்றை வண்டிக்காரர் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார். மழையில் நனைந்து பெட்டியின் ஒரு மூலை பிய்ந்திருக்கிறது. நான் மாலையில் திரும்பியபோது வீட்டுக்காரரின் இரண்டு பேரன்களும் என் மகளும் சேர்ந்து, பாக்கெட்டுகளைப் பிரித்து, வாயால் ஊதி நூலில் கட்டி, திண்ணை முழுவதும் வெள்ளை பலூன்களாக உருட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். கை பிசுபிசுக்கிறது என்று என் மகள் பாவாடையில் துடைத்துக்கொண்டே சிரித்தாள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன தெரியும்?

வீட்டுக்காரர் கோபக்காரர் அல்லர். என் வேலை இன்னதென்று தெரிந்தேதான் வீடு கொடுத்திருந்தார். கோயில் கமிட்டிக் கூட்டத்தில் என்னைப் பற்றிப் பெருமையாகக்கூடச் சொன்னாராம். ஆனால் அதற்கு முந்தைய வாரம் காய்ச்சலோடு வந்த ஒரு பெண்ணை நான் அதே திண்ணையில் உட்காரவைத்துக் கஞ்சி கொடுத்ததை அக்கம்பக்கத்தார் அவரிடம் சொல்லியிருந்தார்கள். பலூன்களைப் பார்த்த அன்றிரவு கதவைத் தட்டி, "நீங்க செய்யறது புண்ணியமான வேலைதாம்மா, நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா இது பிள்ளைங்க இருக்கிற வீடு. அடுத்த மாசத்துக்குள்ள பார்த்துக்குங்க" என்றார். அவர் குரலில் கொஞ்சமும் கடுமை இல்லை. காலி செய்தபோது, மூன்றே ஆண்டுகள் இருந்த வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று முன்பணத்தில் 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டார். என் மாதச் சம்பளத்தில் பாதிக்குமேல் அது. அதுவும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் சம்பளம். இந்தக் கேள்விக்கும் அந்த 1,500 ரூபாய்க்கும் தொடர்பில்லைதான், ஆனாலும் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

இருபது ஆண்டுகள் கழித்து, 2023இல், ஆம்ஸ்டர்டாமை ஒட்டிய ஆம்ஸ்டல்வேனில் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தேன். அங்கே 2000ஆம் ஆண்டு அக்டோபரில் பாலியல் விடுதி நடத்துவதன் மீதான தடையை நீக்கிவிட்டார்கள்; நகராட்சி உரிமம் உண்டு, தொழில் செய்பவர் வருமான வரி கட்ட வேண்டும், ஆம்ஸ்டர்டாமில் 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். மகளுக்கு விருப்பமே இல்லை. நான்தான் பிடிவாதமாக, இந்தத் தொழில் நடக்கும் டி வாலன் பகுதிக்கு ஒரு பகல்நேரத்தில் அழைத்துப்போகச் சொன்னேன். நகரின் மிகப் பழைய தேவாலயத்தைச் சுற்றிலும், தொழில் செய்யும் பெண்கள் நிற்கும் கண்ணாடிச் சன்னல்கள், சிவப்பு விளக்குகள். தேவாலய வாசலில், உலகெங்குமுள்ள பாலியல் தொழிலாளர்களை மதியுங்கள் என்ற வாசகத்தோடு 2007இல் வைத்த ஒரு வெண்கலப் பெண் சிலை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. தொப்பூரில் போலீஸ் வண்டியைக் கண்டதும் புதருக்குள் ஓடிய பெண்களை நினைத்துக்கொண்டேன். அந்த நெகிழ்ச்சி இரண்டு நிமிடம்கூட நீடிக்கவில்லை. நான்கைந்து இளைஞர்கள் சிரித்துக்கொண்டே ஒரு சன்னலை நோக்கிக் கைபேசியை நீட்ட, உள்ளே இருந்த பெண் மோதிர விரலால் கண்ணாடியைப் படபடவெனத் தட்டிவிட்டுத் திரையை இழுத்துக்கொண்டாள். வழிகாட்டிகள் கூட்டம் கூட்டமாக ஆட்களை அந்தச் சன்னல்களின் முன்னால் நடத்திக்கொண்டு போவதை 2020இல் நகராட்சி தடைசெய்ததற்கு இத்தகைய கூத்தும் ஒரு காரணம். தன் ஊருக்கு இந்தப் படம் போய்விடுமோ என்ற பயம் இல்லாவிட்டால் அவள் ஏன் திரையை இழுக்க வேண்டும்?

அதைவிட முக்கியமானது அந்த ஆண்டு அங்கே நடந்துகொண்டிருந்த சண்டை. டி வாலனில் நெரிசல் தாங்கவில்லை என்று நூறு அறைகள் கொண்ட தனிக் கட்டடம் ஒன்றைக் கட்டி, சன்னல்களில் ஒரு பகுதியை அங்கே மாற்ற நகர மேயர் ஃபெம்கே ஹல்செமா திட்டமிட்டிருந்தார். தொழில் சட்டபூர்வமானதுதான், இழிவல்ல என்று எல்லோரும் சொன்னார்கள். கட்டடம் எங்கள் பகுதியில் மட்டும் வேண்டாம் என்றும் எல்லோரும் சொன்னார்கள். நகரின் தெற்கில் அலுவலகம் வைத்திருக்கும் ஐரோப்பிய மருந்துகள் முகமையே, தன் ஊழியர்களின் பாதுகாப்பைக் காரணம் காட்டி எதிர்த்தது. சன்னல்களில் இருக்கும் பெண்களும் இடம்மாற விரும்பவில்லை, ஆனால் அவர்கள் குரல் பின்னால்தான் கேட்டது. அந்த ஆண்டு இறுதியில் யூரோப்பா புலவார்ட் என்ற தெற்குப் பகுதிச் சாலையைத் தேர்ந்தெடுத்தார்கள்; அது என் மகள் வீட்டிலிருந்து வெகு தூரமில்லை.

மகளின் பக்கத்து வீட்டு மூதாட்டி, ஓய்வுபெற்ற செவிலியர், அருமையான மனுஷி. அவரிடம் மகளை மொழிபெயர்க்கச் சொல்லி இதைப் பற்றிக் கேட்டேன். அதுவும் ஒரு வேலைதானே, வரி கட்டுகிறார்களே என்றார். அடுத்த மூச்சிலேயே, ஆனால் அந்த வழியாகப் பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்குப் போகிறார்கள் என்றார். எனக்குப் பழையபேட்டைத் திண்ணை ஞாபகம் வந்துவிட்டது.

ஸ்வீடன் 1999 முதல் விற்பவரை விட்டுவிட்டு வாங்குபவரைத் தண்டிக்கிறது. நியூசிலாந்து 2003இல் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் தொழிலைக் குற்றப்பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. ஆகவே 'வளர்ந்த நாடுகள்' என்று ஒரே மூட்டையாகக் கட்ட முடியாது. நம் நாட்டிலும் 1956ஆம் ஆண்டுச் சட்டம் பாலியல் விடுதி நடத்துவது, பொது இடத்தில் அழைப்பது போன்றவற்றைத்தான் குற்றமாக்குகிறது, தொழிலை அல்ல. முகவரிச் சான்று இல்லாவிட்டாலும் எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அதிகாரியின் சான்றை வைத்து இப்பெண்களுக்கு ஆதார் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொன்னபோது, முகவரி இல்லாததால் ரேஷன் அட்டை கிடைக்காமல் என்னோடு அலைந்த பெண்களை நினைத்து அழுதேன். சட்டம் அவ்வளவு தூரம் வந்துவிட்டது. வாடகைக்கு வீடு கேட்டால் இன்றும் கிடைக்காது.

ஊர் திரும்புவதற்கு முந்தைய வாரம், அந்தக் கட்டடத்துக்கு எதிரான இணைய மனுவில் தானும் கையெழுத்திட்டிருப்பதாக மகள் பேச்சுவாக்கில் சொன்னாள். இந்தியப் பெற்றோர்கள் குழுவில் எல்லோரும் போட்டார்களாம். "பலூன் ஊதினது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். "அம்மா, எனக்கும் இப்ப ஒரு பொண்ணு இருக்கா" என்றாள். வெள்ளையடிக்கப் பிடித்த 1,500 ரூபாயை அவளுக்கு ஞாபகப்படுத்தலாமா என்று நினைத்தேன். பேத்தி தூங்கிக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டேன்.