காணாமல் போகும் கிரேட்: அட்டைப்பெட்டிக்கே திரும்பலாமா?

கேள்வி: கும்பகோணத்தில் மூன்று காய்கறிக் கடைகள் நடத்துகிறோம். தாராசுரம் மார்க்கெட்டில் சரக்கெடுத்து, குடோனில் தரம் பிரித்து, எங்கள் கடைகளுக்கும் சில ஓட்டல்களுக்கும் கல்யாண ஆர்டர்களுக்கும் அனுப்புகிறோம். தினம் 80 பெட்டி போகும். முன்பு அட்டைப்பெட்டி, ஒன்று 18 ரூபாய். ஆறு மாதம் முன் 400 ரூபாய் வீதம் 240 பிளாஸ்டிக் கிரேட் வாங்கினோம். இப்போது எண்ணினால் 130தான் இருக்கிறது. பேசாமல் அட்டைக்கே திரும்பிவிடலாமா?

பதில்: திரும்பாதீர்கள். 110 கிரேட் போனதில் 44,000 ரூபாய் நஷ்டம், வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் அந்தத் தொகையை இத்தனை நாள் ஓடிய நடையோடு சேர்த்துப் பாருங்கள். லீவு போக 150 நாள் என்று வைத்தால், தினம் 80 வீதம் 12,000 நடை. நடைக்கு நாலு ரூபாய்கூட விழவில்லை. கழுவும் கூலி, காலியைத் திருப்பி ஏற்றி வரும் செலவு எல்லாம் சேர்த்து இன்னொரு நாலு ரூபாய் என்று தாராளமாகப் போட்டாலும் எட்டு ரூபாய்தான். அதே 12,000 நடைக்கு அட்டை வாங்கியிருந்தால் 2,16,000 ரூபாய். பழைய அட்டையைக் கிலோவுக்குப் போட்டு வரும் காசைக் கழித்தாலும் கிரேட் பக்கத்தில்கூட வராது. ஐப்பசி அடைமழையில் ஈரம் குடித்த அட்டை நசுங்கி, அடிப்பெட்டித் தக்காளி கூழாகும் சேதம் தனி.

சரி, அந்த 110 எங்கே போனது? உங்கள் கடைகளில் போயிருக்க வாய்ப்பு குறைவு. குட்டியானை காயை இறக்கிவிட்டு முந்தைய நாள் காலியை அப்போதே ஏற்றி வந்துவிடும். ஓட்டலில் கொஞ்சம், கல்யாண மண்டபத்தில் நிறைய என்பது என் கணிப்பு. முகூர்த்தத்தன்று மண்டபத்துச் சமையல்கட்டின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். ஒரு கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்குகிறார்கள். இன்னொன்றில் கழுவிய டம்ளர். மூன்றாவது கரண்டி, சல்லடையோடு சமையல்காரர் வேனில் ஏறி அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டது. திருட வேண்டும் என்று யாரும் எடுப்பதில்லை. நீங்கள் கேட்கவில்லை, அவர்களும் தரவில்லை.

ஆகவே, கிரேட்டை ரொக்கம் மாதிரி எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். ஓட்டலுக்குப் போகும் ஒவ்வொரு பில்லிலும் ‘காலி பாக்கி’ என்று ஒரு வரி இருக்கட்டும்: இன்று கொடுத்தது, இன்று வந்தது, நிற்பது. டிரைவர் எண்ண வேண்டும், எதிர்த்தரப்பு கையெழுத்துப் போட வேண்டும். பாக்கி அதிகமானால் அடுத்த லோடைச் சாக்கில் அனுப்புங்கள், கிரேட்டில் அனுப்பாதீர்கள். வாடிக்கையாளர் முகம் சுளிப்பாரே என்ற தயக்கம் எல்லாருக்கும் வரும். முதல் வாரம்தான் பேச்சு, அப்புறம் பழகிவிடும்.

கல்யாண ஆர்டருக்கு டெபாசிட் இல்லாமல் ஒரு கிரேட்கூட வெளியே போகக் கூடாது. தொகை உறுத்த வேண்டும்: 400 ரூபாய் கிரேட்டுக்கு 50 ரூபாய் வாங்கினால், அதை வாடகை என்று நினைத்து வைத்துக்கொள்வார்கள். 300 வாங்குங்கள். டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு காலி வந்ததும் திருப்பித் தரும் முறை, 2022இல் நீலகிரியில் தொடங்கியது, இதே தத்துவம்தான். திருப்பித் தர வேண்டிய டெபாசிட் ஜிஎஸ்டியில் விற்பனைத் தொகையாகாது. அதைச் சரக்கின் விலையில் கழித்துக்கொண்டால்தான் ஆகும். ஆடிட்டரிடம் சொல்லித் தனித் தலைப்பில் வையுங்கள்.

போன 110ஐயும் உடனே வாங்க ஓடாதீர்கள். ஒரு கிரேட் குடோனைவிட்டுப் போய், திரும்பி, கழுவிக் காய்ந்து மறுபடி நிரம்ப இரண்டு நாள் ஆனால் 80 பெட்டி ஓட்டத்துக்கு 160 போதும். மூன்று நாள் ஆனால் 240 வேண்டும். மறுநாள் காலையிலேயே காலி ஏறிவிட்டால் உங்களுக்கு 160, உடைசலுக்குப் பத்து சதவீதம், மொத்தம் 176. அதாவது இன்னும் 46 வாங்கினால் வேலை நடக்கும். வாங்கும்போது, காலியாக இருக்கையில் ஒன்றுக்குள் ஒன்று இறங்கும் வகை கிடைத்தால் எடுங்கள். திரும்பும் வண்டியில் இடம் மிச்சம். வெயில் தாங்கும் தரமா என்று கேளுங்கள். கடைப் பெயரையும் வெறும் எடையையும் நான்கு பக்கமும் சூடு வைத்துப் பதித்துவிடுங்கள். ஸ்டிக்கர் உரிந்துவிடும், பெயின்டும் கழுவக் கழுவப் போய்விடும். எடை எழுதியிருந்தால் தராசடியில் வரும் சண்டையும் மிச்சம். ஆனால் மழை நாளில் ஈரக் கிரேட்டை வெறுமையாக ஒருமுறை நிறுத்தே கழியுங்கள்.

கழுவுவதில் சிக்கனம் வேண்டாம், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அழுகிய தக்காளிச் சாறு கிரேட்டின் மூலையில் காய்ந்து ஒட்டியிருக்கும். மறுநாள் அதில் வைக்கும் நல்ல காய்க்கு அங்கிருந்துதான் பூஞ்சை ஏறும். முதலில் வெறும் தண்ணீரில் மண் போக அடித்து, பிறகு சோப்புப் போட்டு மூலைகளைப் பிரஷ்ஷால் தேய்த்து, அலசி, கடைசியில்தான் குளோரின் கலந்த தண்ணீரில் முக்க வேண்டும். அழுக்கோடு முக்கினால் அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். நிழலில், காற்றோட்டமாகக் கவிழ்த்துக் காயவையுங்கள். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் அடுக்கி வைத்தால் விளிம்பு வெடிக்கும்.

வெற்றிலைக் கட்டையும் வாழையிலைக் கட்டையும் கிரேட்டுக்கு மாற்றாதீர்கள், இப்போது வருகிறபடியே வரட்டும். ஒட்டன்சத்திரத்திலிருந்து நேரடியாகச் சரக்கு எடுக்கும் நாளில் உங்கள் கிரேட்டை அவ்வளவு தூரம் அனுப்பாமல், மண்டிப் பெட்டியிலேயே வாங்கி, குடோன் வாசலில் மாற்றிக்கொண்டு, அவர்கள் காலியை அதே லாரியில் திருப்பி அனுப்பிவிடுங்கள்.