தோப்புக் கிணற்றை மூடிவிடாதீர்கள்

கேள்வி: கொழிஞ்சாம்பாறை பக்கம் அப்பாவின் தென்னந்தோப்பு 1 ஏக்கர் 20 சென்ட் இருக்கிறது. மரங்களில் பாதி காய்ந்துவிட்டதால் நானும் தம்பியும் சேர்ந்து 14 வில்லா கட்டி விற்கலாம் என்று இருக்கிறோம். 650 அடியில் ஒன்று, 900 அடியில் ஒன்று என 2 போர்வெல் உண்டு, மாசி தாண்டினால் இரண்டும் இழுப்பதில்லை. இன்னொரு போர் போடலாம், நடுவில் இருக்கும் 20 அடி அகலப் பழைய கிணற்றை மூடினால் ஒரு மனை கூடுதலாகக் கிடைக்கும், 14 வீட்டுக்குக் கழிவுநீர் சுத்திகரிப்பெல்லாம் எதற்கு என்கிறார் என்ஜினியர். வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் தண்ணீரைத்தான் கேட்கிறார்கள். என்ன செய்யலாம் சார்?

பதில்: முதலில் கிணறு. அதை மூடாதீர்கள். மண் லாரிக்குச் சொல்லியிருந்தால் இன்றைக்கே போன் போட்டு நிறுத்திவிடுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

உங்கள் ஊர் கேரளத்தில் இருந்தாலும் கேரளத்து மழை உங்களுக்குக் கிடையாது. மாநிலச் சராசரி 3000 மி.மீ. அளவில் இருக்க, பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கம் மழை மறைவில் கிடக்கிறது, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடுகிறது. கீழே கடினப்பாறை. அதில் தண்ணீர் குளம்போல் தேங்கி நிற்பதில்லை, வெடிப்புகளில்தான் கொஞ்சம் கொஞ்சமாக இருக்கும், ஆழம் போகப் போக அந்த வெடிப்புகளும் குறைந்துகொண்டே வரும். 900 அடியிலேயே மாசியில் நிற்கிறது என்றால் அதே தோப்புக்குள் போடும் மூன்றாவது போர் பெரும்பாலும் அதே வெடிப்பிலிருந்துதான் உறிஞ்சும், அதாவது உங்கள் முதல் இரண்டு போருக்கும் பக்கத்துத் தோட்டக்காரருக்கும் வருவதைப் பங்கு போடும். சித்தூர் வட்டாரம் மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் கணக்கெடுப்பில் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்ட வட்டாரமாகப் பலமுறை வந்திருக்கிறது. பிளாச்சிமடை உங்களுக்குப் பக்கத்தில்தான். அங்கே கோக்க-கோலா குளிர்பான ஆலை வந்து கிணறுகள் கெட்ட பிறகு, அந்த ஊர் மயிலம்மாவும் மற்றப் பெண்களும் ஆலையை எதிர்த்து உட்கார்ந்த போராட்டமும், 2004 மார்ச்சில் அந்த ஆலை நின்றதும் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கும்.

சரி, கணக்குக்கு வருவோம். வீட்டுக்கு 5 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது வழக்கமான திட்ட அளவு. 14 வீட்டுக்கு 9450 லிட்டர், வருடத்துக்கு ஏறத்தாழ 34.5 லட்சம் லிட்டர். இப்போது உங்கள் நிலத்தைப் பாருங்கள். 120 சென்ட் என்றால் சுமார் 4850 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. பெய்தால் 1 லிட்டர். வருட மழையை 800 மி.மீ. என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் உங்கள் தோப்பின் மேல் 38 லட்சம் லிட்டருக்கு மேல் விழுகிறது. அத்தனை வீட்டுக்கும் தேவையானதைவிட அதிகம்! முழுவதையும் பிடிக்க முடியாது, ஆவியாவதும் மண் குடிப்பதும் போகத்தான் மீதி. ஆனால் முற்றம், பாதை எல்லாம் சிமெண்ட் போட்டு மூடிவிட்டால் பிடிக்க முடிந்ததும் ரோட்டுக்குத்தான் போகும்.

இதில் சுலபமாகக் கைக்கு வருவது கூரைத் தண்ணீர். வீட்டுக்கு 100 சதுர மீட்டர் கூரை என்றால் 14 வீட்டிலிருந்து வருடத்துக்கு 9 லட்சம் லிட்டருக்கு மேல் வரும். இதைக் கிணற்றுக்குள் விடுங்கள். திருச்சூர் மாவட்டத்தில் 2008இல் தொடங்கிய மழைப்பொலிமா திட்டம் செய்தது இதைத்தான், கூரைத் தண்ணீரைக் குழாய் வழியே வீட்டுக் கிணற்றில் இறக்கினார்கள். முதல் மழையின் அழுக்கை வெளியே தள்ள ஒரு வால்வு, அதற்குப் பிறகு ஜல்லியும் மணலும் கரியும் போட்ட வடிகட்டித் தொட்டி, அவ்வளவுதான். முற்றத்துத் தண்ணீரையும் ரோட்டுத் தண்ணீரையும் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கிணற்றில் விடாதீர்கள், கார் கழுவிய எண்ணெயும் சாணியும் சேர்ந்து வரும். 20 அடி அகலக் கிணற்றில் ஓர் அடி தண்ணீர் என்பது கிட்டத்தட்ட 8900 லிட்டர். ஓர் அடி ஏறினால் உங்கள் 14 வீட்டுக்கும் ஏறக்குறைய ஒரு நாள் ஓடும். கூடுதல் மனைக்குக் கிடைக்கும் பணத்தை இதோடு வைத்துப் பாருங்கள்.

கிணற்றுக்கு எட்டாத கூரைகளுக்கும் முற்றத்துக்கும் உறிஞ்சு குழி போடலாம், ஆனால் ஒன்று கவனியுங்கள். உங்கள் பக்கம் பல இடங்களில் கரிசல் மண். ஈரம் பட்டால் உப்பி அடைத்துக்கொள்ளும், அதில் 5 அடிக் குழி வெட்டி ஜல்லி கொட்டினால் தொட்டி மாதிரி தண்ணீர் அப்படியே நிற்கும், கொசுதான் வரும். கரிசலைத் தாண்டிச் சிதைந்த பாறை தட்டும் வரை குழி இறங்க வேண்டும். வெட்டிய குழியில் இரண்டு குடம் ஊற்றிப் பாருங்கள், மறுநாள் காலையிலும் நின்றால் இன்னும் இறங்குங்கள்.

அடுத்து கழிவுநீர். வாளையாறு பக்கம் 60 வீட்டுக் குடியிருப்பு ஒன்றில், தண்ணீர் ஏன் நாறுகிறது என்று பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். சுத்திகரிப்பு அறையின் பூட்டைத் திறக்கவே அரை மணி நேரம் ஆனது. காற்று ஊதும் புளோயர் மேல் சிலந்தி வலை, தொட்டியில் தோல் மாதிரி பழுப்பு ஏடு. கரண்ட் பில்லை மிச்சம் பிடிக்க நிறுத்தியிருக்கிறார்கள், ஆனால் அதே தண்ணீரைச் செடிக்கு விட்டுக்கொண்டும் இருந்தார்கள். அதனால் ஆள் வைத்து ஓட்ட வேண்டிய இயந்திரத்தை 14 வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன். குளியல், துணி துவைக்கும் தண்ணீரை மட்டும் தனிக்குழாயில் பிரித்து, ஒரு படிவுத் தொட்டி, பிறகு கல்வாழையும் நாணலும் நட்ட ஜல்லிப் படுகை வழியே விட்டால் மோட்டார் இல்லாமலே தெளியும். அதைக் கழிவறை ஃபிளஷுக்கும் தென்னைக்கும் கொடுங்கள். ஆளுக்கு 135 லிட்டரில் ஃபிளஷுக்கே 45 போகிறது. அது மிச்சமானால் நாளுக்கு 3150 லிட்டர், நல்ல தண்ணீரின் தேவை 6300 லிட்டராக இறங்கிவிடும். கழிவறைத் தண்ணீர் செப்டிக் டேங்குக்குப் போகட்டும், அதன் உறிஞ்சு குழியைக் கிணற்றிலிருந்து 7.5 மீட்டருக்குக் குறையாமல் தள்ளி வைக்கச் சொல்கிறது விதி. உங்களுடையது வெடிப்புப் பாறை, எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள்.

நல்ல தண்ணீருக்கு ஒன்று, தெளிந்த தண்ணீருக்கு ஒன்று என இரட்டைக் குழாயைச் சுவர் பூசுவதற்கு முன்னால் போட்டுவிட வேண்டும், பிறகு உடைத்துப் போட யாராலும் முடியாது. வீட்டுக்கு வீடு மீட்டரும் அப்போதே.

இன்னொன்று, 8 வீட்டுக்கு மேல் என்பதால் நீங்கள் கேரள ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில்) பதிவு செய்தாக வேண்டும். 2016 சட்டப்படி ஒப்படைத்து 5 வருடத்துக்குள் வேலையிலோ வசதியிலோ குறை வந்தால் உங்கள் செலவில் சரிசெய்ய வேண்டும். விளம்பரத்தில் தவறாகச் சொல்லி ஒருவர் நஷ்டப்பட்டால் இழப்பீடும் உண்டு. '24 மணி நேரமும் தண்ணீர்' என்று நோட்டீசில் போடாதீர்கள். சித்திரை வெயிலில் போர் மணிக்கு எத்தனை லிட்டர் தருகிறது என்று அளந்து, அந்த எண்ணைச் சொல்லுங்கள். ஐப்பசியில் அளந்தால் எல்லாப் போரும் நல்ல போராகத்தான் தெரியும். ஃபுளோரைடு பரிசோதனையும் செய்துவிடுங்கள், உங்கள் பகுதியில் அந்தத் தொந்தரவு உண்டு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிப்பதற்கு ஆகாது. கூரைத் தண்ணீர் கலக்கக் கலக்கக் கிணற்றில் அது குறையும்.

சித்திரையில் கிணறு அடிமட்டத்தில் இருக்கும்போது தூர் வாரி, கைப்பிடிச் சுவர் எழுப்பி, மேலே வலை போட்டுவிடுங்கள். இடவப்பாதி, அதாவது ஜூன் வாக்கில் வரும் தென்மேற்குப் பருவமழை, தொடங்குவதற்குள் முதல் இரண்டு கூரையாவது கிணற்றோடு சேர்ந்திருக்கட்டும். வீடுகள் முடிந்ததும் சாவி கொடுக்கும் முன் நல்ல தண்ணீர் வால்வை மூடிவிட்டு ஒவ்வொரு வீட்டிலும் சமையலறைக் குழாயைத் திறந்து பாருங்கள். குழாயில் நின்றது வடிந்த பிறகும் தண்ணீர் வந்தால் பிளம்பர் தெளிந்த தண்ணீர்க் குழாயை மாற்றி இணைத்திருக்கிறார் என்று அர்த்தம்.