அம்மாவோட வலிக்கு எத்தனை மார்க்?

கேள்வி: மேடம், நாங்க மும்பை செம்பூர்ல இருக்கோம். அம்மாவுக்கு 66 வயசு, அடுத்த மாசம் இடுப்பு மூட்டு மாத்துற ஆபரேஷன். ஆஸ்பத்திரில 12 கேள்வி இருக்கற ஒரு ஃபார்ம் குடுத்திருக்காங்க, சாக்ஸ் போட முடியுதா, பஸ் ஏற முடியுதா, ராத்திரி வலிக்குதான்னு. அம்மா எல்லாத்துக்கும் "பரவால்ல"ன்னே சொல்றாங்க. எக்ஸ்ரேதான் எடுத்தாச்சே, இது எதுக்கு? நானே ஃபில் பண்ணி குடுத்துடவா?

பதில்: வேண்டாம்மா. பேனா உங்க கையில இருக்கலாம், ஆனா பதில் அம்மா வாயிலேர்ந்து வரணும். எக்ஸ்ரேல மூட்டு தேஞ்சது தெரியும், ராத்திரி எத்தன தடவ முழிச்சாங்கன்னு தெரியாது. சிலருக்கு படத்துல ரொம்ப தேஞ்சிருக்கும், ஆனாலும் மாடி ஏறிடுவாங்க, சிலருக்கு கொஞ்சம்தான் தேஞ்சிருக்கும், பாத்ரூம் போறதுக்கே சுவத்த பிடிக்கணும்.

நீங்க சொல்றத பாத்தா அது ஆக்ஸ்ஃபோர்ட் ஹிப் ஸ்கோர், அதாவது இடுப்பு மூட்டு எப்படி இருக்குன்னு நோயாளியே பதில் சொல்லி மார்க் போடற ஃபார்ம், 1996ல வந்தது. கடைசி 4 வாரத்த பத்தி மட்டும் கேக்கும், ஒரு கேள்விக்கு 0லேர்ந்து 4, மொத்தம் 48. இதுல 48 வந்தா நல்லா இருக்காங்கன்னு அர்த்தம், மார்க் கூடினா வலி கூடுதுன்னு நெனச்சுக்காதீங்க. (பழைய முறைல 12லேர்ந்து 60 வரைக்கும், அதுல கூடினாதான் மோசம்.) இதுக்கு முன்னாடி 1969ல வந்த ஹாரிஸ் ஸ்கோர் டாக்டர் போடறது, 100க்கு, அதுல வலிக்கு மட்டுமே 44. ஆனா டாக்டர் எதிர்ல உக்காந்தா நம்ம அம்மாக்கள் என்ன சொல்வாங்க, "இப்ப தேவல டாக்டர்"னுதான, அதனாலதான் நோயாளி தானே பதில் சொல்ற ஃபார்ம் வேணும்னு நான் அடிச்சு சொல்றேன்.

இப்போ இந்த "பரவால்ல". மாட்டுங்கால ஒரு மாமிக்கு நான் பிஸியோ பாத்தேன், அவங்களும் இதே பல்லவிதான். சாக்ஸே போடாதவங்க கிட்ட சாக்ஸ பத்தி எப்படி கேக்கறதுன்னு யோசிச்சு, "கால் நகம் யாரு வெட்டறா மாமி?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் மெதுவா, "ஆறு மாசமா அவர்தான் வெட்டிவிடறார்"னாங்க. ஃபார்ம்ல சாக்ஸ் கேள்வி கேக்கறதே, குனிஞ்சா கால் விரல் வரைக்கும் கை எட்டுதான்னு பாக்கத்தான். அம்மா கிட்ட நீங்களும் இப்படி கேளுங்க: மெட்டிய சரி பண்ண குனிய முடியுதா, லோக்கல் ட்ரெயின்ல ஏற யார் கையையாவது பிடிக்கணுமா, சாப்பிட்டுட்டு நாற்காலிலேர்ந்து எழுந்துக்க எவ்வளவு கஷ்டம்.

தரைல உக்காரறது, இந்தியன் டாய்லெட் இதெல்லாம் அந்த 12ல கிடையாது, நம்ம வீட்டுல அதுதான் முக்கியம், ஓரத்துல எழுதி டாக்டர் கிட்ட காட்டுங்க, ஆபரேஷனுக்கு அப்புறம் எது கூடும் எது கூடாதுன்னு அப்பவே கேட்டுடலாம். வலி மாத்திரை போட்டுட்டு பதில் சொல்றாங்களான்னும் குறிங்க. முட்டியும் வலிச்சா அத தனியா சொல்லுங்க, இடுப்பு மூட்டு வலி கவட்டுலயும் தொடைலயும் வரும், சில சமயம் முட்டிலயே வந்து ஏமாத்தும்.

இங்கிலாந்துல 2009லேர்ந்து இந்த ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு தடவ, சுமார் 6 மாசம் கழிச்சு ஒரு தடவ நோயாளிங்க கிட்ட இதையே கேட்டு வாங்கினாங்க. முன்னாடி எழுதினது இல்லன்னா பின்னாடி எழுதறத எதோட வச்சு பாக்கறது? அதனால ஃபார்ம குடுக்கறதுக்கு முன்னாடி மொபைல்ல ஒரு ஃபோட்டோ எடுத்து வைங்க, 6 மாசம் கழிச்சு அந்த பழச காட்டாம அம்மா கிட்ட மறுபடியும் 12 கேள்வியையும் கேளுங்க.