பத்திரம் யார் பெயரில் இருக்கிறது, தம்பி?

கேள்வி: திருச்சி ஐஐஎம்மில் எம்பிஏ இடம் கிடைத்திருக்கிறது. இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றிலும் ஓராண்டு மேலாண்மை முதுநிலைப் படிப்புக்கு இடம் தந்திருக்கிறார்கள். அதற்கு 32 லட்சம் ரூபாய் கடன் வேண்டும். வீட்டுப் பத்திரம் அம்மா பெயரில் இருக்கிறது, அவர் எதுவும் கேட்கமாட்டார். எதைத் தேர்ந்தெடுக்கலாம்? (வாசகர், கரூர்)

பதில்: நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றரைப் பக்கம் உலகத் தரவரிசையைப் பற்றி எழுதிய நீங்கள், குடியிருக்கும் வீட்டை ஈடு வைப்பதை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். ‘அவர் எதுவும் கேட்கமாட்டார்’ என்று எழுதும்போது உங்கள் கை கொஞ்சமும் தயங்கவில்லையா? அம்மா கேட்காமல் இருப்பது சம்மதம் ஆகிவிடாது. இத்தனை ஆண்டுகளாக அந்த வீட்டில் யாரும் அவரிடம் கணக்குச் சொன்னதில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வணிகம் படிக்கப் போகிற பிள்ளை, உரிமையாளரைக் கேட்காமலேயே அவருடைய சொத்தை முதலாகப் போடத் துணிவது எனக்குச் சற்றும் பிடிக்கவில்லை.

வீட்டை ஈடு வைக்க, அம்மா சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து, பத்திரத்தை வங்கியிடம் ஒப்படைத்ததற்கான ஆவணத்தில் கையெழுத்திட வேண்டியிருக்கும். அதன்பின் எடுக்கும் வில்லங்கச் சான்றில் எல்லாம் அந்தக் கடன் நிற்கும். படிக்கும் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். நூற்றுக்குப் பத்து வட்டி, படிப்புக்கு ஓராண்டு, அதன்பின் வேலை தேட ஓராண்டு அவகாசம் என்று வைத்துக்கொண்டால், இரண்டு ஆண்டு கழித்துத் தவணை தொடங்கும்போது கடன் 38 லட்சத்தை ஒட்டி வந்துவிடும். பத்து ஆண்டுகளுக்கு மாதம் சுமார் 50,000 ரூபாய் கட்ட வேண்டும். அங்கேயே சம்பாதித்துக் கட்டிவிடலாம் என்கிறீர்கள். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் முதுநிலைப் பட்டதாரிகளுக்கு, படிப்பு முடிந்து அங்கே தங்கும் அனுமதி இரண்டு ஆண்டிலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. அதற்குமேல் தங்க, நிறுவனமே விசாவுக்குப் பொறுப்பேற்று, பொதுவாக ஆண்டுக்கு 41,700 பவுண்டு, புதிதாகப் படித்து வருவோருக்குச் சற்றுக் குறைவாகச் சம்பளம் தர வேண்டும். ஓராண்டுப் படிப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு: பெரிய நிறுவனங்கள் பல அடுத்த ஆண்டுக்கான ஆள்சேர்ப்பைத் தொடங்கும் செப்டம்பர், அக்டோபரில் நீங்கள் அப்போதுதான் விமானத்தை விட்டு இறங்கியிருப்பீர்கள்.

திருச்சியை ‘பக்கத்து ஊர்தானே’ என்று தள்ளியிருக்கிறீர்கள். 2011இல் தொடங்கிய அந்த நிறுவனத்துக்குள் நுழைய, ஐஐஎம் சேர்க்கைக்கான கேட் (CAT) தேர்வு எழுதிய எத்தனையோ பேர் இன்னும் காத்திருக்கிறார்கள். அங்கே முதலாண்டு முடிந்ததும் நிறுவனப் பயிற்சி உண்டு, வேலை தர நிறுவனங்கள் வளாகத்துக்கே வரும், ஐஐஎம் மாணவர்களுக்கு ஈடு கேட்காமலேயே கடன் தரும் வங்கிகளும் இருக்கின்றன. வெளிநாட்டுப் படிப்பே கூடாது என்று சொல்பவன் அல்லன் நான். உதவித்தொகையோடு போகிறவர்களை வாழ்த்தி அனுப்பியிருக்கிறேன். ஆனால் உங்களுக்குத் திருச்சிதான்.

இன்று இரவு சாப்பாடு முடிந்ததும், மேலே உள்ள தவணைக் கணக்கை ஒரு தாளில் எழுதி அம்மா முன் வையுங்கள்; தங்கை ஒருத்தி இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்களே, அவளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அம்மா கேள்வி கேட்கும்வரை எழுந்து போய்விடாதீர்கள். திருச்சியில் கல்விக் கட்டணத்தின் முதல் தவணையைக் கட்டக் கடைசி நாள் என்றைக்கு என்று நீங்கள் எழுதவில்லை; அதையும் இன்றே பார்த்துவிடுங்கள்.