பேக்கப் செல்லை மாற்றுமுன்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எச்.பி. 200எல்.எக்ஸ் கையடக்கக் கணினி ஒன்றை 1990களின் பிற்பகுதியிலிருந்து வைத்திருக்கிறேன். மதகு, சிறுபாலம் வேலைகளுக்கு நான் போட்ட அளவுக் கணக்குகள் எல்லாம் லோட்டஸ் என்ற கணக்கு மென்பொருளின் தாள்களாக அதில்தான் இருக்கின்றன. கொஞ்ச நாளாக, பேக்கப் பேட்டரி தீர்கிறது என்ற எச்சரிக்கை வருகிறது. கழற்றினால் எல்லாம் அழிந்துவிடுமோ என்று தொடாமலே வைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?
ஓய்வுபெற்ற பொறியாளர், காரைக்குடி

பதில்: ஐயா, தொடாமல் வைத்திருப்பதுதான் இப்போது உங்களுக்கு ஆபத்து. எச்சரிக்கை வந்தபின் நாள் கடத்தக் கூடாது.

1994இல் வந்த அந்தக் கருவியில் ஹார்டு டிஸ்க் கிடையாது. நீங்கள் சி டிரைவ் என்று பார்ப்பது முழுக்க ராம் நினைவகம். அதற்கு ஒரு கணமும் விடாமல் மின்சாரம் கிடைக்க வேண்டும். அந்த மின்சாரத்தை இரண்டு பென்சில் செல்கள் தருகின்றன. அவற்றை நீங்கள் மாற்றும் நேரத்தில் சி.ஆர்.2032 என்ற பட்டன் செல் தாங்கிக்கொள்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் இல்லாமல் போனால் லோட்டஸ் தாள்களும் தொலைபேசி எண்களும் குறிப்புகளும் போனதுதான். எந்த மெக்கானிக்காலும் மீட்டுத் தர முடியாது. அதனால் ஒன்றைக் கழற்றும்போது மற்றது நல்ல நிலையில் இருந்தே ஆக வேண்டும்.

முதல் வேலை நகல் எடுப்பது. செல் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். பக்கவாட்டில் உள்ள பி.சி. கார்டு துளையில், அடாப்டருடன் ஒரு சின்ன காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டைச் செருகினால் அது ஏ டிரைவாகத் தெரியும். உள்ளே இருப்பது டாஸ் 5.0 என்ற பழைய இயங்குதளம். ஆகவே கார்டு, அந்த இயங்குதளம் படிக்கக்கூடிய ஃபேட் 16 என்ற ஃபார்மேட் முறையில், 2 ஜி.பி.க்குள் இருக்கட்டும். உங்களுக்கு 64 எம்.பி. கார்டே ஏராளம், ஏனென்றால் கருவியின் மொத்த நினைவகமே சில எம்.பி.தான். நகல் எடுக்குமுன் நாட்குறிப்பு, தொலைபேசிப் புத்தகம், லோட்டஸ் எல்லாவற்றையும் மூடிவிடுங்கள். திறந்திருக்கும் கோப்பு சரியாக நகலாகாது. பிறகு கார்டைக் கழற்றி வேறொரு கணினியில் போட்டு, ஒரு லோட்டஸ் தாளையாவது திறந்து பாருங்கள். நகல் எடுத்தேன் என்று சொல்லி வருகிறவர்களில் பலர் இதைச் செய்வதில்லை. கோப்பின் பெயர் தெரிந்தால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

அடுத்து பென்சில் செல்கள். பழையவை பாதி தீர்ந்திருந்தால் அவற்றை நம்பி பட்டன் செல்லில் கை வைக்காதீர்கள். அதே சமயம் பட்டன் செல் பலவீனமாக இருக்கும்போது பென்சில் செல்லைக் கழற்றுவதும் தவறு. இந்த இக்கட்டுக்கு ஒரே வழி ஏ.சி. அடாப்டர். அதைச் செருகி, கருவியை அணைத்துவிட்டு, முதலில் பட்டன் செல்லை மாற்றுங்கள். அதன்பின் பென்சில் செல்களை மாற்றலாம். உங்கள் பகுதியில் கரண்ட் போகிற நேரம் உங்களுக்கே தெரியும், அந்த நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். பென்சில் செல்கள் புதிதாக இருந்தால் அடாப்டரே தேவையில்லை.

அடாப்டர் பற்றி ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அந்தக் கருவிக்கு, ரீசார்ஜ் செய்யும் நிக்கல் செல்களை உள்ளேயே சார்ஜ் செய்யும் வசதி உண்டு. யாராவது அதை இயக்கி வைத்திருந்து, உள்ளே சாதாரண அல்கலைன் செல் இருந்தால், சார்ஜ் ஏறி அது கசியும். அமைப்புப் பக்கத்தில் பேட்டரி வகையைப் பார்த்துவிட்டுப் பிறகு அடாப்டரைச் செருகுங்கள்.

பட்டன் செல்லை மாற்றும் வேலை ஒரு நிமிடம்தான். எழுத்து பொறித்த அகலமான பக்கம் பாசிட்டிவ். பழைய செல் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று செல்போனில் படம் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். இரும்பு இடுக்கியால் இரு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்தால் ஷார்ட் ஆகும். பிளாஸ்டிக் இடுக்கி இல்லையென்றால் விரலே போதும். பின்பு காய்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

கேள்வி: கடையில் சி.ஆர்.2032 இல்லை, சி.ஆர்.2025 போடச் சொல்கிறார்கள். எல்.ஐ.ஆர்.2032 ரீசார்ஜ் ஆகும், அதுவே மேல் என்று இன்னொரு கடைக்காரர் சொல்கிறார். எதை வாங்குவது?
வாசகி, பாளையங்கோட்டை

பதில்: இரண்டும் வேண்டாம், அம்மா. செல்லின் பெயரிலேயே அதன் அளவு இருக்கிறது. 20 என்றால் 20 மில்லிமீட்டர் அகலம், 32 என்றால் 3.2 மில்லிமீட்டர் தடிமன். 2025 அதே 3 வோல்ட்தான், ஆனால் 0.7 மில்லிமீட்டர் மெலிந்தது. பிடிப்பு தளர்ந்து, கருவி லேசாகத் தட்டுப்பட்டாலும் தொடர்பு விட்டுப்போகும். எல்.ஐ.ஆர். வகை முழுதாக சார்ஜ் ஏறியதும் 4.2 வோல்ட் வரை போகும். 3 வோல்ட்டுக்கு வடிவமைத்த சுற்றில் அதைப் போடக் கூடாது. நல்ல சி.ஆர்.2032 புதிதாக இருக்கும்போது மல்டிமீட்டரில் 3.2 வோல்ட்டையொட்டிக் காட்டும். உறையில் தேதி இருக்கிறதா பாருங்கள். பென்சில் செல்கள் ஒழுங்காக இருந்தால் பட்டன் செல்லுக்கு வேலையே குறைவு, வருடக்கணக்கில் வரும். சில மாதங்களிலேயே தீர்கிறது என்றால் செல்லைக் குறை சொல்லாமல் பென்சில் செல்லின் முனைகளில் பூத்திருக்கும் உப்பைப் பாருங்கள்.

கேள்வி: பனியன் குடோனில் சரக்கு எடுக்க, பழைய விண்டோஸ் சி.இ. பார்கோடு கருவிகள் நான்கை செகண்ட் ஹாண்டில் வாங்கினேன். பொங்கல் விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் நான்கிலும் தேதி மாறி, போட்டு வைத்த புரோகிராமும் காணோம். உள்ளே இருக்கும் பேக்கப் பேட்டரி செத்துவிட்டது, நான்கையும் பிரித்து மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். நானே சால்டர் செய்யலாமா?
சரக்குப் பொறுப்பாளர், திருப்பூர்

பதில்: தம்பி, பிரிக்காதீர்கள். நான்கும் ஒரே வாரத்தில் சாகாது.

2005இல் வந்த விண்டோஸ் மொபைல் 5.0க்கு முந்தைய கையடக்கக் கருவிகளில் புரோகிராமும் தரவும் ராமில்தான் இருந்தன. அதன்பிறகே மின்சாரம் போனாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்துக்கு மாறின. உங்கள் கருவிகள் பழைய ரகம். அவற்றின் உள்ளே இருக்கும் சின்ன நிக்கல் பேட்டரி, நீங்கள் பெரிய பேட்டரியைக் கழற்றி மாட்டும் இடைவெளிக்காக மட்டும் வைத்தது. சில மாடல்களில் அரை மணி நேரம் தாங்கினாலே போதும் என்றுதான் தயாரித்தவர்களே சொல்கிறார்கள். விடுமுறையில் கருவியைச் சார்ஜில் போடாமல் மேசை டிராயரில் வைத்திருந்தால் முதலில் பெரிய பேட்டரி இறங்கியிருக்கும், பிறகு சின்னது. நினைவகம் போகாமல் என்ன செய்யும்?

சோதித்துப் பாருங்கள். ஒரு கருவியைச் சார்ஜரில் ஒரு நாள் முழுக்க வையுங்கள். பெரிய பேட்டரி சில மணி நேரத்தில் நிறைந்து பச்சை விளக்கு வந்துவிடும், சின்னதற்கு அதைவிட நெடுநேரம் ஆகும். விளக்கைப் பார்த்து எடுத்துவிடாதீர்கள். பிறகு தேதியைச் சரிசெய்து, கருவியைத் தூங்க வைத்து, பெரிய பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்து மாட்டுங்கள். தேதி சரியாக இருந்தால் உள் பேட்டரி நலமாக இருக்கிறது, மெக்கானிக்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை. தேதி மாறினால் அந்த ஒரு கருவியை மட்டும் பிரிக்கலாம்.

பிரிக்கும் கட்டம் வந்தால் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பழைய பேட்டரியின் உறையில் உள்ள வோல்ட், வகை இரண்டும் அப்படியே இருக்க வேண்டும். நிக்கல் இருந்த இடத்தில் 3 வோல்ட் பட்டன் செல்லைச் செருகித் தருகிறார்கள். இது ரொம்பத் தவறு. அந்தச் சுற்று எப்போதும் சார்ஜ் ஏற்றிக்கொண்டே இருக்கும். ரீசார்ஜ் ஆகாத லித்தியம் செல் அதில் வீங்கி வெடிக்கக்கூடும். செல்லின் உடம்பில் நேராகச் சால்டர் வைப்பதும் அப்படித்தான். தகடு ஒட்டியே விற்கும் செல்லை வாங்கி, தகட்டில்தான் சால்டர் வைக்க வேண்டும். பலகையில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் அது கசிந்த காரம். வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். மூடும்போது ஓரத்து ரப்பர் வளையம் மடங்கினால், பஞ்சும் தூசியும் பறக்கிற உங்கள் குடோனில் கருவி அதிக நாள் தாங்காது.

நீங்கள் ஒன்றும் பழகாதவர் என்றால் சால்டரிங் அயர்னை இந்தக் கருவியில் தொடங்காதீர்கள். கழிவுப் பலகை ஒன்றில் கை பழகிவிட்டு வாருங்கள்.

கேள்வி: கழற்றிய பட்டன் செல்களைக் குப்பையில் போடலாமா? வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது.
வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஒரு நிமிடம்கூட மேசையில் வைக்காதீர்கள், அம்மா. தீர்ந்த செல்லும் ஆபத்துதான். குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே புண்ணாக்கிவிடும். 20 மில்லிமீட்டர் செல் சிக்கிக்கொள்ளத் தோதான அளவு. விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல், எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓடுங்கள். அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கழற்றிய செல்லின் இரு பக்கமும் செலோடேப் ஒட்டி, மூடி போட்ட டப்பாவில் உயரத்தில் வைத்து, மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள். புதிய செல்களையும் உறை பிரிக்காமல் அதே டப்பாவில் வையுங்கள்.

கேள்வி: சையான் சீரிஸ் 3ஏ கையடக்கக் கணினிக்கும் பேக்கப் செல் சி.ஆர்.2032தானா?
மாணவர், கோயம்புத்தூர்

பதில்: இல்லை, அதற்கு சி.ஆர்.1620. 16 மில்லிமீட்டர் அகலம், 2 மில்லிமீட்டர் தடிமன். சீரிஸ் 5க்குத்தான் 2032. இரண்டிலும் பென்சில் செல்கள் புதிதாக இருக்கும்போது மட்டும் மாற்றுங்கள்.