பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 11: கடைக்காரர் போட்டுத் தருகிறேன் என்கிறாரே, போடலாமா?

கேள்வி: என் லேப்டாப் வாங்கி எட்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்டெல் ஐ5-7200யூ, 8 ஜிபி ரேம், பழைய மாதிரி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10 ஹோம். 'ஆதரவு முடிந்துவிட்டது' என்று அறிவிப்பு வந்துகொண்டே இருக்கிறது. சர்வீஸ் கடையில் கேட்டால், "விண்டோஸ் 11 ப்ரோ போட்டுடலாம், லைஃப்டைம் ஆக்டிவேஷன்" என்கிறார். நெட் பேங்கிங் இதில்தான் செய்கிறேன். போடலாமா?

பதில்: வேண்டாம். அவரிடம் லேப்டாப்பைக் கொடுக்கவே வேண்டாம்.

உங்கள் ப்ராசஸர் பெயரில் கோட்டுக்கு அடுத்து வரும் 7-ஐப் பாருங்கள். அது ஏழாம் தலைமுறை. இன்டெல்லில், ஒருசில மாடல்கள் தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் அனுமதி தருகிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை ஒரு எண்ணைக் காட்டி ஒதுக்குவது எனக்கும் எரிச்சல்தான். விண்டோஸ் 10-தான் கடைசி விண்டோஸ் என்று 2015-ல் மேடையேறிச் சொன்னவரும் அந்த நிறுவனத்து ஊழியர்தான்.

கடைக்காரர் செய்யப்போவது, நிறுவும்போது நடக்கும் தகுதிச் சோதனையை ஏமாற்றுவது. அது முடியும், ஓடவும் ஓடும். ஆனால் தகுதியில்லாத கணினிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. ஹோம், ப்ரோ இரண்டிலும் ஒவ்வொரு பதிப்புக்கும் ஆதரவு 24 மாதம்தான். அடுத்த பதிப்பு உங்களுக்குத் தானாக வராது. மறுபடி அதே கடைக்குப் போக வேண்டியதுதான்.

அதைவிட மோசம் அந்த 'லைஃப்டைம் ஆக்டிவேஷன்'. உங்களிடம் இருப்பது ஹோம் உரிமம். லேப்டாப்போடு சேர்த்து நீங்கள் காசு கொடுத்தது, மதர்போர்டோடு பிணைந்தது. அதே எடிஷனைத் திரும்ப நிறுவினால், இணையத்தோடு இணைத்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆகும், கீ எதுவும் தேவையில்லை. இவர் ப்ரோவைப் போட்டால் அந்த உரிமம் அதற்குச் செல்லாது. அப்புறம் ஆக்டிவேட்டர் என்று ஒரு திருட்டு மென்பொருளை ஓட்டுவார். அதை ஓட்ட முதலில் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும்! யார் எழுதியது என்றே தெரியாத ஒன்றுக்கு முழு அதிகாரம் கொடுத்துவிட்டு, அதே கணினியில் வங்கிக் கடவுச்சொல்லை அடிக்கப் போகிறீர்களா?

"டேட்டா எல்லாம் பேக்கப் எடுத்துட்டேன்" என்பதையும் நம்பாதீர்கள். பல கடைகளில் அதற்கு அர்த்தம், டெஸ்க்டாப்பில் இருந்ததை டி டிரைவுக்கு நகர்த்தினேன் என்பதுதான். சி, டி இரண்டும் பெரும்பாலும் ஒரே டிஸ்க்கின் இரண்டு துண்டு. டிஸ்க் போனால் இரண்டும் போகும். புகைப்படங்களை வெளி டிஸ்க்கில் நீங்களே நகலெடுங்கள். அதை வேறு கணினியில் செருகி நாலைந்து படங்களைத் திறந்தும் பாருங்கள்.

சரி, என்ன செய்வது? விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. ஆனால் வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் தரும் நீட்டிப்புத் திட்டம் ஒன்று உண்டு. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதில் சேரும் இணைப்பு இருக்கும். உங்கள் விண்டோஸ் 10 அதன் கடைசிப் பதிப்பான 22எச்2-ஆக இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். உங்கள் விண்டோஸ் அமைப்புகளை அந்தக் கணக்கில் சேமிக்க ஒப்புக்கொண்டால் இலவசம். இல்லையென்றால் 30 டாலர். இதைப் பெரிதாகச் சொல்லாமல் புது லேப்டாப் வாங்கச் சொல்லும் அறிவிப்பைத்தான் திரை முழுக்கக் காட்டுகிறார்கள்.

சேர்ந்துவிட்டு, கடைக்குக் கொடுக்க இருந்த பணத்தில் ஒரு எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத, வேகமான டிஸ்க்) வாங்கிப் போடுங்கள். லேப்டாப் மந்தமாக இருந்தால் காரணம் விண்டோஸ் 10 அல்ல, பெரும்பாலும் அந்தச் சுழலும் டிஸ்க். டாஸ்க் மேனேஜரைத் திறந்து டிஸ்க் பகுதி 100 சதவீதத்திலேயே நிற்கிறதா என்று பாருங்கள், புரிந்துவிடும்.

ஒரே ஒரு விதிவிலக்கு. உங்களுக்குப் பொருந்தாது, ஆனால் இதே கேள்வியோடு பலர் வருகிறார்கள். எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ இருந்தும் 'இந்தக் கணினிக்குத் தகுதியில்லை' என்று வந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி பயாஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை அமைப்புத் திரையில்) அணைந்து கிடக்கலாம். இன்டெல்லில் அது பிடிடி என்ற பெயரில் இருக்கும், ஏஎம்டியில் எஃப்டிபிஎம். கூடவே 'செக்யூர் பூட்' என்ற இன்னொரு பாதுகாப்பு வசதியும் அணைந்திருக்கலாம். பெரும்பாலும் இயக்கினால் போதும், காசு செலவில்லை. இதற்கும் பில் போடும் கடைகள் இருக்கின்றன. ஆனால் பயாஸைத் தொடும் முன், டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருக்கிறதா (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கிறதா) என்று பாருங்கள். ஆகியிருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் தேடினால் கிடைக்கும். பயாஸில் 'கிளியர் டிபிஎம்' என்று ஒன்று கண்ணில் படும். அதை மட்டும் தொடாதீர்கள். அந்த எண்ணும் கையில் இல்லாமல் அதை அழுத்தினால் உங்கள் டிஸ்க்கை நீங்களே திறக்க முடியாமல் போகலாம். தலைமுறையைக் கணக்கிடும்போது இன்னொன்று: ஐ5-1035ஜி1 என்றால் முதல் தலைமுறை இல்லை, பத்தாம் தலைமுறை.

நீட்டிப்பு முடிந்த பிறகு உங்கள் லேப்டாப்புக்கு, விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம் பொருந்தும், இலவசம். நிறுவாமலேயே யுஎஸ்பியிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். அப்போது வைஃபை, ஒலி, கேமரா, மூடியை மூடித் திறந்தால் எழுகிறதா என்பதோடு, உங்கள் வங்கித் தளம் திறக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பிரின்டர் இருந்தால் அதையும் செருகி ஒரு பக்கம் அச்சடித்துப் பாருங்கள். தகராறு வந்தால் பெரும்பாலும் அங்கேதான் வரும்.